பூரிம் வழக்கின் வக்கீல்

கிம்ஹே ஊருக்கு நாங்கள் போனது ராணியைப் பார்க்கத்தான். தென்கொரியாவின் தெற்குப் பகுதியில், பூசான் நகரத்தை ஒட்டி இருக்கிறது அந்த ஊர். கடல் தாண்டி வந்து சூரோ மன்னனை மணந்துகொண்டதாகச் சொல்லப்படும் ஹோ ஹ்வாங் ஓக் ராணியின் சமாதி அங்கே உண்டு. அவள் கிளம்பி வந்த ஊரைப் பழைய கொரிய நூல் 'அயுத்த' என்கிறது. அது அயோத்தி என்பார்கள் சிலர். இல்லை, நம் ஆய் நாடு என்பார்கள் வேறு சிலர். என் அக்கா இரண்டாவது கட்சி. பெரிய புல் மேட்டின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, ஊர் அம்மனைக் கும்பிடுவதுபோல் கண்ணை மூடி நின்றாள்.

அத்தான் ஓக்போவில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கிறார். வெல்டிங் சரிபார்க்கிற வேலை. திரும்பும் வழியில் அவர்தான் சொன்னார், "வக்கீலம்மா, இங்க பக்கத்துலதான் ஒரு வக்கீலோட ஊரு இருக்கு. நாட்டுக்கே அதிபரா இருந்தவரு. எங்க ஃபோர்மேன் வருசா வருசம் மே மாசம் வந்துட்டுப் போவாரு. பார்த்துட்டுப் போவோமா?"

அந்த ஊர் போங்ஹா. வயலும் சின்னக் குன்றும் உள்ள ஊர். சமாதி என்று நிமிர்ந்து தேடினால் கண்ணில் படாது. தரையோடு தரையாக ஒரு பெரிய தட்டைக் கல், அதில் 'அதிபர் ரோ மூ ஹியுன்' என்ற எழுத்து, அவ்வளவுதான். வீட்டுப் பக்கத்தில் ரொம்பச் சின்னதாக ஒரு கல் மட்டும் வையுங்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர் அவர். ஆனால் அந்தக் கல்லை நோக்கி நடக்கும் வழி முழுக்க வேறு கற்கள் பாவியிருக்கின்றன. சுமார் 15,000 கற்கள். ஒவ்வொன்றிலும் சாதாரண மக்கள் கொடுத்த வாசகம் செதுக்கியிருக்கிறது. அத்தான் தனக்குத் தெரிந்த கொரிய மொழியில் சிலதை வாசித்துச் சொன்னார். "மன்னிச்சிருங்கன்னு எழுதியிருக்கு," என்றார் ஒரு கல்லைக் காட்டி. எதற்கு மன்னிப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நான் பன்னிரண்டு வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். பெரும்பாலும் சொத்து வழக்குகள். இலவச சட்ட உதவிப் பட்டியலிலும் பெயர் இருப்பதால் ரிமாண்டுக்குக் கொண்டுவரும் ஆட்களுக்காக மாஜிஸ்திரேட் முன்னால் நிற்பேன். என் சீனியர் அடிக்கடி ஒன்று சொல்வார். வக்கீல் அரசியலுக்குப் போகக்கூடாது, போனால் கட்சிக்காரனையும் இழப்பான், கோர்ட்டையும் இழப்பான் என்பார். அவரைத் தேர்தலில் நிற்கச் சொல்லி இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கேட்டார்கள். இரண்டு தடவையும் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரி என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அன்றிரவு ஓக்போவில் அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இந்த மனிதரைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். ஊர் திரும்பியும் விடவில்லை.

ரோ பிறந்தது 1946ல், அதே போங்ஹாவில், ஏழை விவசாயக் குடும்பத்தில். பூசானில் வணிகவியல் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். கல்லூரிக்குப் போகவில்லை. மீன் வலை தயாரிக்கும் நிறுவனத்தில் கொஞ்ச நாள், கட்டட வேலையில் கொஞ்ச நாள், பிறகு ராணுவச் சேவை. ஊருக்கு எதிரே மலைச்சரிவில் தானே ஒரு மண் குடிசை கட்டி, அதில் உட்கார்ந்து சட்டம் படித்தார். 1975ல் நீதித்துறைத் தேர்வில் தேறினார். அந்த வருடம் தேறியவர்களில் பள்ளிப் படிப்போடு நின்றவர் அவர் ஒருவர்தான். தேஜான் நகரத்தில் சிறிது காலம் நீதிபதியாக இருந்துவிட்டு, 1978ல் பூசானில் வக்கீல் அலுவலகம் திறந்தார்.

திறந்து என்ன செய்தார்? சொத்துப் பதிவு வேலை. நம் ஊரில் பத்திர எழுத்தர்கள் செய்கிற மாதிரியான வேலை அது, மற்ற வக்கீல்கள் கௌரவக் குறைவு என்று தொடமாட்டார்கள். அவர் தொட்டார். அப்புறம் வரி வழக்குகள். நல்ல வருமானம். பாய்மரப் படகு ஓட்டுவது பொழுதுபோக்கு. வறுமையிலிருந்து ஏறி வந்த ஒருவர் வசதியாக வாழ ஆசைப்பட்டதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவரே பின்னாளில் அந்த நாட்களை மறைக்காமல் எழுதியிருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மனித உரிமை வக்கீல் என்றதும் ஏதோ பிறக்கும்போதே கொடி பிடித்தவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இவருக்கு 35 வயது வரை தன் குடும்பம், தன் தொழில், அவ்வளவுதான் உலகம்.

1981ல் பூரிம் வழக்கு வந்தது. ராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்த சுன் டூ ஹுவானின் காலம். பூசானில் சேர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள் என்று 22 பேரைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். வாரண்ட் கிடையாது. வீட்டுக்குத் தகவல் கிடையாது. சிலரை இருபது நாள், சிலரை அறுபது நாளுக்கும் மேல் அடைத்துவைத்து, அடித்து, கம்யூனிஸ்ட் என்று ஒப்புதல் வாங்கினார்கள். மூத்த வக்கீல் ஒருவர் கேட்டுக்கொண்டதால் ரோ வக்காலத்துப் போட்டார்.

சிறையில் ஒரு பையனைப் பார்க்கப் போனார். அந்தப் பையன் தன் வக்கீலையே நம்பவில்லை. இவரும் அவர்கள் அனுப்பிய ஆளோ என்று பயந்து பயந்து பார்த்திருக்கிறான். கால் நகங்கள் கறுத்துப்போய் இருந்தன. மகன் காணாமல்போன நாட்களில் அவனுடைய அம்மா, உயிரோடு இல்லையோ என்ற பயத்தில் பூசான் முழுக்க உடலைத் தேடி அலைந்திருக்கிறாள். இதையெல்லாம் பார்த்தபோது தன் ரத்தம் தலைகீழாக ஓடியது போல் இருந்தது என்று ரோ எழுதினார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ரிமாண்டுக்கு வரும் பையன்களிடம் மாஜிஸ்திரேட் "அடிச்சாங்களா?" என்று கேட்பார். பையன் முதலில் என்னைப் பார்ப்பான். அடுத்து பின்னால் நிற்கும் போலீஸ்காரரைப் பார்ப்பான். அப்புறம் "இல்லைங்க" என்பான். அந்த ஒரு நொடிப் பார்வையில் நானும் அவர்களில் ஒருத்தியாகத்தான் அவனுக்குத் தெரிகிறேன் என்பது எனக்குத் தெரியும். ஒரு தடவை ஒரு பையன் வலது கையை உயர்த்த முடியாமல் இடது கையால் கும்பிட்டான். அதைச் சுட்டிக்காட்டி மருத்துவப் பரிசோதனை கேட்டேன். கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னால் எத்தனை கைகளை நான் கவனிக்காமல் விட்டேன் என்ற கேள்வி இன்னும் போகவில்லை. ஒரு வரி வக்கீல் கறுத்த நகத்தைப் பார்த்துவிட்டுப் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியாமல் போனது எனக்கு அதிசயமாகப் படவில்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது அவர் பார்த்ததுதான்.

வழக்கில் தோற்றார். தண்டனை கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் அலுவலகத்துக்கு வரும் ஆட்கள் மாறிவிட்டார்கள். மாணவர்கள், ஆலைத் தொழிலாளிகள், சங்கம் ஆரம்பித்ததற்காக வேலை போனவர்கள். 1982ல் மூன் ஜே இன் என்ற இளம் வக்கீல் வந்து சேர்ந்தார். பயிற்சியில் மிக நல்ல மதிப்பெண் எடுத்தும், மாணவப் பருவத்தில் போராட்டத்தில் சிறை போனதால் நீதிபதிப் பதவி மறுக்கப்பட்டவர். இருவரும் சேர்ந்து நடத்திய அந்த அலுவலகத்திலிருந்து பிற்பாடு இரண்டு அதிபர்கள் வந்தார்கள்.

1987 பிப்ரவரியில், போலீஸ் சித்திரவதையில் இறந்த ஒரு மாணவருக்கான அஞ்சலிக் கூட்டத்தில் ரோவைப் பிடித்தார்கள். அன்றிரவு கைது வாரண்டுக்காக அரசுத் தரப்பு நீதிபதிகளின் வீடு வீடாக அலைந்தது. யாரும் கையெழுத்துப் போடவில்லை. சர்வாதிகாரத்தின் நடுவில், நடு ராத்திரியில், வாசலில் வந்து நிற்பவர்களிடம் முடியாது என்று சொன்ன அந்த நீதிபதிகளை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில், ஓக்போ. அத்தான் இன்று தினமும் காலையில் நுழைகிற அதே தளம்தான், அப்போது அதன் பெயர் டேவூ. ஊதியப் போராட்டத்தில் போலீஸ் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு தொழிலாளி இறந்துபோனார். ரோ அங்கே போனார். பிரேதப் பரிசோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, குடும்பத்துக்கும் தொழிலாளர்களுக்கும் துணை நிற்க. அதற்காக அவரையே கைது செய்தார்கள். தொழில் தகராறில் 'மூன்றாம் நபர்' தலையிடக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. மூன்று வாரம் போலச் சிறை. வெளியே வந்ததும் வக்கீல் தொழில் செய்யத் தடை.

தொழிலைப் பிடுங்கிவிட்டார்கள். அடுத்த ஏப்ரலில், 1988ல், எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங் சாமின் கட்சி சார்பில் பூசானில் நின்று நாடாளுமன்றம் போனார். எதிர்த்து நின்றவர் சுன் டூ ஹுவானின் கூட்டாளிகளில் முக்கியமானவர். அந்த ஆண்டின் இறுதியில் பழைய ஆட்சியின் முறைகேடுகள் பற்றிய விசாரணை தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜூ யுங்கிடம் ரோ கேட்ட கேள்விகளை நாடே பார்த்தது. குறுக்கு விசாரணை தெரிந்தவர், வரிக் கணக்கும் தெரிந்தவர். ஒரே வாரத்தில் நாடறிந்த மனிதர் ஆனார்.

பிறகு தோல்விகள். அவற்றை அவரே தேடிப் போனார் என்பதுதான் விஷயம். 1990 ஜனவரியில் கிம் யங் சாம் தன் கட்சியை ஆளுங்கட்சியோடு இணைத்தார். நேற்றுவரை எதிர்த்தவர்களோடு ஒரே கட்சி. இணைப்புக்கான கூட்டத்தில், ஆட்சேபணை இல்லை என்று தீர்மானத்தை முடிக்கப்போகும்போது, ஒரு கை உயர்ந்தது. எனக்கு ஆட்சேபணை இருக்கிறது, விவாதம் வேண்டும் என்று எழுந்து கத்தினார் ரோ. அந்தப் புகைப்படம் கொரியாவில் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்துக்கு நடுவே முஷ்டியை உயர்த்திய ஒரு ஒல்லி மனிதர்.

நம் ஊரில் தொகுதியில் எந்தச் சாதி எத்தனை ஓட்டு என்று முதலில் கணக்குப் போடுவார்களே, அங்கே அந்த இடத்தில் மாகாணம் இருந்தது. பூசான் பக்கத்துக் கியாங்சாங் மக்கள் தங்கள் கட்சிக்கு, ஜொல்லா மக்கள் தங்கள் கட்சிக்கு. ரோ கியாங்சாங் ஆள். ஜொல்லா மக்களின் தலைவரான கிம் டே ஜுங் பக்கம் சேர்ந்துகொண்டு, அதே பூசானில் போய் நின்றார். 1992ல் தோல்வி. 1995ல் மேயர் தேர்தலில் தோல்வி. 1998ல் சியோலின் ஜோங்னோ தொகுதியில் ஒருவழியாக வென்றார். கௌரவமான, பாதுகாப்பான இடம். 2000ல் அதை விட்டுவிட்டு மறுபடி பூசானுக்கே போனார், மறுபடி தோற்றார். விவசாயி நிலத்தைக் குறை சொல்ல முடியுமா என்று மட்டும் சொன்னார்.

'முட்டாள் ரோ' என்று அன்போடு அழைக்க ஆரம்பித்தார்கள் மக்கள். தோற்ற சில வாரங்களில், இணையத்தில் பழகிய கொஞ்சம் பேர் தேஜானில் ஒரு இணைய மையத்தில் கூடி ரசிகர் மன்றம் தொடங்கினார்கள். ஒரு அரசியல்வாதிக்கு அந்த நாட்டில் அப்படி ஒன்று அதற்கு முன் இருந்ததில்லை. பெயர் நோசாமோ. அவர் குடும்பப் பெயரைக் கொரியர்கள் 'நோ' என்றுதான் உச்சரிக்கிறார்கள். மஞ்சள் துணி, மஞ்சள் பன்றி உண்டியல், அதில் சில்லறைக் காசு. 2002 மார்ச்சில், ஜொல்லாவின் இதயமான குவாங்ஜூ நகரத்தில் நடந்த கட்சி உட்தேர்தலில் இந்தக் கியாங்சாங்காரர் முதலிடம் வந்தார்.

அந்தப் பிரசாரத்தில் ஒரு சம்பவம். அவர் மாமனார் கம்யூனிஸ்ட் என்று தண்டிக்கப்பட்டுச் சிறையிலேயே இறந்தவர். அதைக் கிளறினார்கள். அப்படியானால் நான் நேசிக்கும் மனைவியைக் கைவிட வேண்டுமா, கைவிட்டால்தான் அதிபராகும் தகுதி வருமா என்று மேடையிலேயே கேட்டார். அந்தப் பேச்சை அத்தான் எனக்கு ஓட்டிக் காட்டினார். மொழி தெரியாத அக்காவும் கையிலிருந்த கரண்டியோடு நின்று பார்த்தாள்.

2002 டிசம்பர் 19ல் 48.9 சதவீத வாக்குகளோடு வென்றார்.

சரி, இதுவரை சொன்னது யாருக்கும் பிடிக்கிற கதை. நான் எழுத உட்கார்ந்தது இதற்கு அடுத்த ஐந்து வருடங்களுக்காக. என் சீனியர் சொல்வது இங்கேதான் சோதனைக்கு வருகிறது. அடிபட்டவன் பக்கம் நின்ற ஆள், இப்போது அடிக்கிற தடி யார் கையில் இருக்கிறதோ அந்தக் கைக்கு எஜமான்.

பதவியேற்ற சில வாரங்களில் இராக் போர். அமெரிக்கா படை கேட்டது. அனுப்பினார், பிறகு இன்னும் பெரிய படையாக அனுப்பினார். நாட்டின் மனித உரிமை ஆணையம் போரை எதிர்த்து அறிக்கை விட்டபோது, அரசாங்கத்தின் ஓர் அங்கம் அரசாங்கத்தையே எதிர்ப்பதா என்று கொதித்தார்கள். இதைச் செய்வதற்குத்தானே அந்த ஆணையம் இருக்கிறது என்றார் ரோ. பிற்காலத்தில், அது தவறான முடிவு என்று அப்போதே நினைத்தேன், ஆனால் அதிபர் என்ற முறையில் தவிர்க்க முடியவில்லை என்று எழுதினார். இதை நான் ஏற்கவில்லை. தவறு என்று தெரிந்து செய்தது தெரியாமல் செய்ததைவிடக் கனமானது. ஆனால் அப்படி எழுதிவைத்த இன்னொரு நாட்டுத் தலைவரை எனக்குத் தெரியாது.

2003 அக்டோபரில், பூசான் கப்பல் தளம் ஒன்றில் ஒரு தொழிற்சங்கத் தலைவர் 129 நாள் கிரேன் மேலேயே போராடி, அங்கேயே உயிரை விட்டார். ஒரு காலத்தில் ரோ வக்கீலாக உதவிய தொழிலாளர்களின் ஊர் அது. அதைத் தொடர்ந்து வேறு சில தொழிலாளர்களும் இறந்தார்கள். சாவைப் போராட்ட ஆயுதமாக்கும் காலம் முடிந்துவிட்டது என்ற பொருளில் அதிபர் பேசினார். தொழிலாளர்கள் மனம் உடைந்துபோனார்கள். என்னால் இதை மன்னிக்க முடியவில்லை. 1987ல் ஓக்போவுக்கு ஓடி வந்த ஆள் எங்கே போனார் என்று அன்றைக்கு அவர்கள் கேட்டிருப்பார்கள். நானும் கேட்கிறேன்.

2004 மார்ச்சில் நாடாளுமன்றம் அவரைப் பதவிநீக்கத் தீர்மானம் போட்டு இடைநிறுத்தியது. நேபாளத்தில் மலையேறிக்கொண்டிருந்த மூன் ஜே இன் ஓடிவந்து பழைய கூட்டாளிக்கு வக்காலத்துப் போட்டார். மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்தது. இடையில் நடந்த தேர்தலில் அவர் பக்கத்துக் கட்சிக்குப் பெரும்பான்மையும் கிடைத்தது. அந்தத் தெம்பில், பூரிம் பையன்களைப் பிடித்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை அருங்காட்சியகத்துக்கு அனுப்புவோம் என்றார். முடியவில்லை. அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

2005 நவம்பரில், அரிசிச் சந்தையை அந்நிய இறக்குமதிக்குத் திறப்பதை எதிர்த்து சியோலில் விவசாயிகள் திரண்டார்கள். போலீஸ் அடித்தது. இரண்டு விவசாயிகள் இறந்துபோனார்கள். டிசம்பர் 26ல், போலீஸ் அளவுமீறித் தாக்கியதுதான் சாவுக்குக் காரணம் என்று மனித உரிமை ஆணையம் சொன்னது. மறுநாள் ரோ தொலைக்காட்சி முன் வந்து நின்றார். தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அரசின் பலம் தனி வகையான பலம், அது அளவு மீறினால் மக்களுக்கு உயிர்ச்சேதம் வரும், அதனால் எந்த நிலையிலும் நிதானத்தோடு கட்டுப்படுத்தித்தான் அதைப் பயன்படுத்த வேண்டும், பொறுப்பும் அதற்கேற்பக் கனமானது என்று பேசினார். போலீஸ் தலைவர் பதவி விலகினார்.

இறந்தவர்கள் திரும்பவில்லை. ஆனால் இதை ஒரு கோர்ட் ஆளாக வாசித்துப் பாருங்கள். காவலில் சாவு, கூட்டத்தில் சாவு என்றால் நாங்கள் என்னென்ன கேட்டிருக்கிறோம்? வழுக்கி விழுந்தார், நெஞ்சுவலி வந்தது, கூட்ட நெரிசல். ஒரு அரசு தன் சொந்த ஆணையத்தின் முடிவை மறுநாளே ஏற்று, ஆம், எங்கள் ஆட்கள்தான் என்று சொல்வதைக் கேட்பதற்கு ஒரு குடும்பம் எத்தனை வருடம் காத்திருக்கும்? ஜேஜூ தீவில் 1948 முதல் நடந்த படுகொலைக்கு அரசு சார்பில் முதன்முதலாக மன்னிப்புக் கேட்ட அதிபரும் இவர்தான், 2003ல். தீவுக்காரர்கள் அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். அந்த டிசம்பர் பேச்சில் பேசியது அதிபர் இல்லை, நகத்தைப் பார்த்த வக்கீல்தான் என்று நான் நம்புகிறேன். சீனியர் சொன்னது முழுக்கச் சரியில்லை என்று எனக்குத் தோன்றிய இடம் இது.

2008ல் பதவி முடிந்ததும் போங்ஹாவுக்கே திரும்பினார். வாத்துகளை வயலில் விட்டு இயற்கை முறையில் நெல் விளைவித்தார், ஓடையைச் சுத்தம் செய்தார், சைக்கிளில் பேத்தியை இழுத்துக்கொண்டு போனார். வெளியூர்க்காரர்கள் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவார்கள், அவர் தொப்பியோடு வெளியே வந்து பேசுவார்.

அடுத்த ஆண்டு ஊழல் விசாரணை. ஒரு தொழிலதிபரிடமிருந்து அவர் குடும்பத்துக்குப் பணம் வந்திருந்தது. மனைவி வாங்கினார் என்பதை அவர் மறைக்கவில்லை, தனக்குத் தெரியாது என்றார். அங்கே அப்போது விசாரிப்பது, கைது வாரண்ட் கேட்பது, குற்றம் சாட்டுவது எல்லாமே அரசு வழக்கறிஞர்களின் கையில் இருந்தது. தினமும் ஒரு செய்தி கசிந்தது. நீங்கள் என்னைக் கைவிட்டுவிட வேண்டும் என்று ஆதரவாளர்களுக்கு எழுதினார். பணம் வந்தது தப்பு, சந்தேகமில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போகாத ஒரு வழக்கில் ஒரு மனிதரைத் தினமும் தண்டிப்பதும் தப்பு. 2009 மே 23 அதிகாலையில், பிறந்த ஊரிலேயே, தன் உயிரை முடித்துக்கொண்டார். குற்றம் சாட்டப்படாமலே வழக்கு மூடப்பட்டது. கல்லில் இருந்த அந்த மன்னிப்பு வாசகம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கசிந்த செய்திகளை நம்பியவர்களில் ஒருவர் எழுதியது போலும்.

பூரிம் வழக்கில் தண்டனை பெற்ற ஐந்து பேர் மறுவிசாரணை கேட்டுப் போனார்கள். சட்டவிரோதக் காவலில் வாங்கிய வாக்குமூலம் செல்லாது, அவர்கள் நிரபராதிகள் என்று 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பையன்களாகப் பிடிபட்டவர்களுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவர்களுக்கு வக்காலத்துப் போட்டவர் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.